டாக்டர் வீட்டுக்காரன் பேசுகிறேன்

(ஏரியூரில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் டாடா ஏஸ் ஓட்டுகிறவன். சீசன்ல புளி, மத்த நாள்ல கிடைச்சது எதுவா இருந்தாலும் ஏத்திக்கிட்டுப் பென்னாகரத்துக்கும் மேச்சேரிக்கும் போறவன். மைக்கைப் பிடிச்சா ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்கிறேன்னு தோழர் இப்பவே கேலி பண்றார். தப்பு வந்தா பொறுத்துக்கணும்.

வர்ற வழியில ஒரு பிளக்ஸ்கூட இல்லையேன்னு நிறைய பேர் கேட்டீங்க. அடிக்கிறதாத்தான் இருந்தது. டிசைன் போட்டு எனக்குப் போன்ல அனுப்பினாங்க. அதுல என் படம் பெருசா இருந்தது. என் இணையர் படம் ஸ்டெதாஸ்கோப்போட மூலையில சின்னதா இருந்தது. கீழே 'மனைவியை மருத்துவராக்கிய மாமனிதர்' என்று எழுத்து. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. அவங்ககிட்ட காட்டினேன். (வீட்ல 'அவ', 'வாடி', 'போடி'ன்னுதான் பேச்சு. மேடைக்காக 'அவங்க' போடறேன்னு நினைக்காதீங்க. ஹவுஸ் சர்ஜன் டியூட்டிக்குப் போன முதல் நாள்ல இருந்து எங்கம்மாவே அவங்க இவங்கன்னுதான் சொல்லுது.) படத்தை ஒரு நிமிஷம் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டாங்க: "பரீட்சை யார் மாமா எழுதினது?"

அதோட பிளக்ஸ் நின்னு போச்சு. ஆனா அந்தக் கேள்வி நிக்கல. பத்து நாளா வண்டி ஓட்டும்போதெல்லாம் கூடவே வருது. அதனால அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

மனைவியைப் படிக்க வைத்த புருஷன் என்று நம்ம நாட்டில் ஒரு பெரிய கதை இருக்கிறது. மராட்டியத்தில் கோபால்ராவ் ஜோஷி என்று ஒரு அஞ்சல் குமாஸ்தா. முதல் மனைவியை இழந்தவர். ஒன்பது வயதுச் சிறுமியைக் கல்யாணம் செய்தார். அந்தச் சிறுமிதான் ஆனந்திபாய். பதினாலு வயதில் குழந்தை பெற்றாள். குழந்தை பத்து நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு மருத்துவம் படிக்க வேண்டும் என்று முடிவாகி, 1883இல் கணவர் இல்லாமல் கப்பல் ஏறி அமெரிக்கா போய், 1886 மார்ச் 11ஆம் தேதி பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினாள். அந்த விழாவுக்குக் கோபால்ராவும் போயிருந்தார், பண்டித ரமாபாயும் போயிருந்தார். மனைவி பட்டம் வாங்குவதைக் கணவன் உட்கார்ந்து பார்த்த அந்தக் காட்சியைத்தான் நமக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே, 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயதுகூட முடியாமல் காசநோயில் ஆனந்திபாய் இறந்துபோனார். கோலாப்பூர் மருத்துவமனையில் தயாராக இருந்த வேலையில் ஒரு நாளும் உட்கார முடியவில்லை.

சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. படி, படி என்று சொல்லி அவளை அடித்தவரும் அதே கோபால்ராவ்தான். பத்து வயதில் உடைந்த மரத்துண்டால் அடித்ததையும், பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டியதையும் அமெரிக்காவில் இருந்து அவருக்கே கடிதமாக எழுதினாள் ஆனந்திபாய். படிக்க வைத்ததும் உண்மை. அடித்ததும் உண்மை. பிளக்ஸில் ஒன்றுதான் வரும்.

கல்கத்தாவில் காதம்பினி கங்குலி இருந்தார். ஒரு பத்திரிகை அவரைக் கேவலமாக எழுதியபோது கணவர் துவாரகநாத் வழக்குப் போட்டு, ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பினார். நம்ம முத்துலட்சுமி அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்தார். 1914இல் சுந்தர ரெட்டியைக் கட்டும்போது, என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் காரியங்களில் தலையிடக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கட்டினார். இதெல்லாம் மதிக்க வேண்டிய விஷயம். ஆனாலும் இந்தக் கதைகளைப் படிக்கும்போது எனக்கு ஒட்டவில்லை. இவர்கள் வீட்டில் புருஷனுக்கும் படிப்பு இருந்தது. பேசுவதற்கு மேடை இருந்தது. நான் பிளஸ் டூவில் கணக்கில் பெயிலானவன். என் கதைக்குப் பக்கத்துக் கதை எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

அது அமெரிக்காவில் கிடைத்தது. ரெபேக்கா லீ கிரம்ப்ளர். கறுப்பினப் பெண். எட்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவர். 1864இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் அவர்தான். அடுத்த வருஷம் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்ததும், வசதியாக பாஸ்டனில் இருந்துவிடாமல், விடுதலையான அடிமைகளுக்கு வைத்தியம் பார்க்க ரிச்மண்டுக்குப் போனார். அங்கே வெள்ளை டாக்டர்கள் அவரை மதிக்கவில்லை. அவர் எழுதின சீட்டுக்கு மருந்துக் கடைக்காரன் மருந்து தர மறுத்தான். பெயருக்குப் பின்னால் இருக்கிற எம்.டி.க்கு மருத்துவர் என்று அர்த்தமில்லை, மியூல் டிரைவர், அதாவது கோவேறு கழுதை ஓட்டி என்று கிண்டல் செய்தார்கள்.

அவருடைய புருஷன் பெயர் ஆர்தர் கிரம்ப்ளர். அடிமையாகப் பிறந்தவர், தப்பி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டர் மனைவி, கைநாட்டுப் புருஷன். மனைவி 1895இல் இறந்தார். அதற்குப் பிறகு எழுபது வயதைத் தாண்டிய ஆர்தர் என்ன செய்தார் தெரியுமா? பாஸ்டனில் இரவுப் பள்ளியில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தது. 2020இல்தான் மக்கள் பணம் திரட்டி இரண்டு பேருக்கும் கல் வைத்தார்கள். இந்த ஆர்தருடைய கதையைப் படித்த அன்றைக்கு நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, எங்க கதைக்கு வர்றேன்.

என் மாமியார் ஒரு மருத்துவமனையில ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். எந்த மருத்துவமனைன்னு சொல்லல, எல்லா இடத்திலயும் இதே கதைதான். லீவு நாள்ல மகளைக் கூட்டிக்கிட்டுப் போய் மாடிப்படிக்குக் கீழே உட்கார வைப்பாங்க. பிரசவ வார்டுல ரத்தத்தைத் துடைக்கிறது அம்மா வேலை. டாக்டரை 'மேடம்'னு கூப்பிடுவாங்க. நர்ஸை 'சிஸ்டர்'னு கூப்பிடுவாங்க. அம்மாவை மட்டும் 'ஏய்'. இத்தனை வருஷத்துல ஒரு டாக்டருக்கும் எங்கம்மா பேர் தெரியாது, அதைத் தெரிஞ்சுக்கிற ஒரு டாக்டராவது இருக்கணும்னுதான் படிச்சேன் என்று கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொன்னாங்க.

2017இல் அவங்க பிளஸ் டூ. அது எந்த வருஷம்னு இங்க இருக்கிற மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 வரைக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் மருத்துவ இடம். 2017இல் நீட் வந்தது. குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும், மூட்டை தூக்குகிற அப்பாவின் மகளாகப் பிறந்து உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியும், இடம் கிடைக்காமல் செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்ட வருஷம் அது. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டம்மா நர்ஸிங் ஹாஸ்டல்ல இருந்தாங்க. அனிதா போட்டோவைப் பேப்பர்ல இருந்து வெட்டி நோட்டுக்குள்ள வச்சிருக்காங்க. இன்னைக்கும் அது அவங்க பெட்டியில இருக்கு.

மூணு வருஷம் நர்ஸிங் முடிச்சாங்க. கடைசி வருஷத்துல, 2020 பிப்ரவரியில எங்க கல்யாணம். அடுத்த மாசம் கொரோனா ஊரடங்கு. வண்டி நின்னுபோச்சு, வருமானம் இல்லை. அந்தச் சும்மா இருந்த மாசங்கள்லதான் அவங்க மறுபடி புத்தகத்தை எடுத்தாங்க. 2020 செப்டம்பர் 13 நீட். சேலத்துல மையம். நகை எதுவும் உள்ளே போகக் கூடாதுன்னாங்க. தாலியைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு உள்ளே போயிட்டாங்க. மூணு மணி நேரம் சட்டைப் பையில தாலியோட வெயில்ல நின்னேன். எங்கம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் இது தெரியாது. (இப்ப தெரிஞ்சு போச்சு. முன்னாடிதான் உட்கார்ந்திருக்கு.)

தேர்வு முடிஞ்ச ரெண்டாம் நாள், செப்டம்பர் 15, சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி இடம். தனி இடம் வேண்டும் என்று நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்திருந்தது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாசம் போச்சு. நாற்பது நாள் ஆச்சு. கடைசியில் அக்டோபர் 29 அன்று அரசே ஆணை போட்டது, மறுநாள் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். முதல் வருஷம் 405 இடம். அதில் 313 எம்.பி.பி.எஸ்., மீதி பல் மருத்துவம். அதற்கு முந்தைய வருஷங்களில் அரசுப் பள்ளியில் இருந்து போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். பிள்ளைகளுக்குத் திடீரென்று மூளை வந்துவிடவில்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான்.

அந்த 405இல் ஒருத்தர்தான் இவங்க. அதோட இன்னொரு கதவும் உண்டு. அவங்க அருந்ததியர். 2009 சட்டப்படி பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள்ளே அருந்ததியருக்கு 3 சதவீதம். இதைப் பத்தி அப்புறம் பேசறேன். பேசாம விட மாட்டேன்.

கல்லூரியில் முதல் வாரம். பேர் என்னன்னு கேட்கிறதுக்கு முன்னாடி நீட் மார்க் என்னன்னு கேட்டாங்களாம். மார்க்கைச் சொன்னதும், ஓ, ஏழரையா? அப்படித்தான் பேரு வச்சிருந்தாங்க. ஏழரை சதவீதம், ஏழரை நாட்டுச் சனி, ரெண்டும் ஒண்ணாச் சேர்த்து. "ஏழரை வருது பார்", "ஏழரை லேப்ல இருக்கு". கோவேறு கழுதை ஓட்டியும் ஏழரையும் ஒரே பட்டறையில் அடிச்ச ஆணிதான் தோழர்களே. அவன் இங்கிலீஷ்ல அடிச்சான், இவன் ஜோசியத்துல அடிச்சான்.

தகுதி, தகுதி என்று பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை ஆணை இருந்தது. பன்னிரண்டு இடத்தில் ஒன்று என்றிருந்த நம் பங்கு, 1947க்குப் பிறகு பதினாலில் இரண்டாக ஆனது. பிராமணருக்கும் பதினாலில் இரண்டு. செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண், இந்த ஆணையால் எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விவரம் இருக்கிறது. வழக்குப் போட்டவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! விண்ணப்பிக்காதவர் வழக்கு ஜெயித்தது. 1176 வாங்கினவள் வழக்கு தோற்றது. அன்றைக்குப் பெரியார் தெருவில் இறங்கினார், தமிழ்நாடு கொதித்தது, அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அதே வருஷத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. இங்கே தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் யார் டாக்டரானாலும் அந்தப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பரீட்சைக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்.

இப்போ என் குற்றத்தைச் சொல்லணும்.

2022இல் மகள் பிறந்தாள். அவங்க அப்போ ரெண்டாவது வருஷம். நாற்பது நாள் குழந்தையை விட்டுட்டுக் கல்லூரிக்குப் போனாங்க. பார்மகாலஜியில ஒரு தடவை போச்சு. வண்டிக்கு மூணு மாசம் டியூ கட்டல, பைனான்ஸ்காரன் வீட்டு வாசல்ல நிக்கிறான், குழந்தை ராத்திரி பூரா அழுகுது. ஒரு நாள் போன்ல நான் சொல்லிட்டேன்: "நர்ஸாவே இருந்திருந்தா இந்நேரம் சம்பளம் வந்திருக்கும். உனக்கு எதுக்கு டாக்டர் ஆசை?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரெண்டு நாள் போன் எடுக்கல.

நான் திண்ணையில படுத்துக் கிடந்தேன். எங்கம்மா வந்து நின்னுச்சு. இந்தக் கல்யாணமே வேண்டாம்னு ஆறு மாசம் என்கூடப் பேசாம இருந்த அம்மா. எனக்கு ஒரு அக்கா இருந்தா. 2003இல் தலைப்பிரசவம். அப்போ 108 கிடையாது. தருமபுரி மருத்துவக் கல்லூரி 2008இல்தான் வந்தது, அதுவும் இல்லை. வாடகை வேன் பிடிச்சுச் சேலம் போற வழியிலேயே ரத்தம் நிக்காம அக்கா போய்ச் சேர்ந்தா. எனக்கு அப்போ ஏழு வயசு. வேனைக் கழுவி விடச் சொல்லி வேன்காரன் தனியாப் பணம் கேட்டான்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. அம்மா சொல்லுச்சு: "ஒங்கக்கா மண்டை என் மடியிலதான் கெடந்துச்சு. அந்த வேன்ல ஒரு டாக்டரம்மா இருந்திருந்தா அவ இன்னைக்கு இருப்பா. நீ போயி வண்டிய ஓட்டு. புள்ளைய நான் பாத்துக்கறேன். அவகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டேன். அதனாலதான் சொல்றேன், அந்த பிளக்ஸ்ல யார் படமாவது போடணும்னா எங்கம்மா படம் போடணும், என் மாமியார் படம் போடணும். ரமாபாய் அம்பேத்கரை நினைச்சுப் பாருங்க. புருஷன் லண்டன்ல நியூயார்க்ல படிக்கும்போது இங்கே பட்டினியா இருந்து குடும்பத்தைக் காத்தவங்க. அஞ்சு பிள்ளையில நாலு பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. 1935இல் அவங்க இறந்தப்புறம் பாகிஸ்தான் பத்தின தன் புத்தகத்தைப் பாபாசாகேப் அவங்க நினைவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். அந்தத் தாய் செஞ்சதுல கால்வாசிகூட நான் செய்யல. பொம்பளை செஞ்சா அது கடமை, பேரே வராது. ஆம்பளை அதுல பத்துல ஒண்ணு செஞ்சா மாமனிதன்னு பிளக்ஸ் வைக்கிறீங்க. இது என்ன கணக்கு?

படிச்சு முடிச்சுட்டா எல்லாம் தீர்ந்ததுன்னு நினைக்காதீங்க. பாயல் தத்வி. ஆதிவாசிப் பெண். எம்.பி.பி.எஸ். முடித்து மும்பையில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர். புருஷன் சல்மானும் டாக்டர். சாதியைச் சொல்லி சீனியர்கள் செய்த கொடுமை தாங்காமல் என்று குடும்பத்தார் புகார் கொடுத்த அந்த வழக்கில், 2019 மே 22 அன்று அவர் உயிர் போனது. அதே வருஷம் பாயலின் தாய் அபேதாவும் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும் சேர்ந்து, கல்வி நிலையங்களில் சாதிக் கொடுமையைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றம் போனார்கள். மேற்படிப்புக்குப் போகணும்னு எங்க வீட்ல ஆசைப்படறாங்க. மகப்பேறு மருத்துவம். எனக்குப் பயம்தான். பயத்தைச் சொன்னேன். 'ஏழரையையே தாண்டிட்டேன் மாமா'ன்னு சிரிக்கிறாங்க.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கு. 2012 நவம்பர் 7. நான் பதினொண்ணாவது படிச்சேன். நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிஞ்சது. இருநூறு வீட்டுக்கு மேல. காரணம், ஒரு காதல் கல்யாணம். திவ்யா நர்ஸிங் மாணவி. இளவரசன் நம்ம பையன். 2013 ஜூலை 4இல் இளவரசன் ரயில் பாதை ஓரத்தில் பிணமாகக் கிடந்தான். எங்க தெருவில் அன்னைக்கு அடுப்பு எரியலை. பெரியவங்க மாரில் அடிச்சுக்கிட்டு அழுதாங்க. சாதி ஒழியணும்னு எங்க பெரியப்பா ராத்திரி பூரா பேசினார்.

அதே தெருதான், அதே பெரியப்பாதான், ஏழு வருஷம் கழிச்சு நான் அருந்ததியர் தெருப் பெண்ணைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னப்போ பஞ்சாயத்துக் கூட்டினார். என்னை அடிக்கல, வீட்டைக் கொளுத்தல. ஆனா "அவங்க தெருவுல நாம கை நனைச்சதில்லையே"ன்னு சொன்னார். இந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கோம் தோழர்களே? ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சொன்ன சொல் இல்லையா இது? அவன் தம்ளரை உடைக்கப் போராட்டம் நடத்தினோம். நம்ம வீட்டுத் தம்ளரை யார் உடைக்கிறது?

மூணு சதவீதத்துக்கு வர்றேன். இந்தக் கூட்டத்திலேயே அதைப் பத்திக் கசப்போட பேசினவங்க இருக்கீங்க. நம்மைப் பிரிக்கிற சூழ்ச்சி, ஒற்றுமை போச்சுன்னு சொன்னீங்க. நானும் கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித்தான் பேசிக்கிட்டிருந்தேன். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள், தமிழ்நாட்டுச் சட்டமும் நின்றது. அன்னைக்கு எங்க தெருவுல சில பேர் முகம் தொங்கிப் போச்சு. அவங்க தெருவுல இனிப்புக் கொடுத்தாங்க. நான் ரெண்டு தெருவுக்கும் நடுவுல வண்டியை நிறுத்திக்கிட்டு இருந்தேன். நான் கேட்கிறது இதுதான். பதினெட்டு சதவீதம் முழுசா இருந்த அத்தனை வருஷமும் என் மாமியார் தெருவில் இருந்து ஒரு டாக்டர் வந்தாரா? வரலைன்னா, வரலைன்னு நாம என்னைக்காவது கூட்டம் போட்டோமா? கூலியில பங்கு கேட்டா நாம ஊர்க்காரனைப் பார்த்து என்ன சொல்றோமோ, அதையேதான் அவங்க நம்மைப் பார்த்துக் கேட்டாங்க. இதுக்கு எதிர்க்கருத்து இருந்தா மேடைக்கு வந்து சொல்லுங்க. முதுகுக்குப் பின்னாடி வேண்டாம்.

நேரமாச்சு, தோழர் கையைக் காட்டறார். ரெண்டு அறிவிப்பு இருக்கு.

நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு முகாம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில ரெண்டு நாள் லீவு போட்டு வந்திருக்காங்க, கூடப் படிச்ச ரெண்டு பேரும் வந்திருக்காங்க. பி.பி., சர்க்கரை பார்ப்பாங்க, ரத்தசோகைக்கும் பார்ப்பாங்க. புளி கொட்டை எடுக்கிற அம்மாக்கள் கை விரல் மடங்கலைன்னு சொல்றீங்களே, அவசியம் வாங்க. பிள்ளைங்க பல்லுல காவி பிடிச்சிருக்கிறது பல் விளக்காததால இல்லை. நம்ம மாவட்டத்து ஆழ்குழாய்த் தண்ணியில புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் இதுக்காகத்தான் கொண்டு வந்தாங்க. எந்தத் தெருவுக்குக் குழாய் வருது, எந்தத் தெருவுக்கு வரலைன்னு நாளைக்குக் கணக்கு எடுக்கப் போறாங்க. மாணவர்கள் நோட்டும் பேனாவும் கொண்டாங்க. முகாம் நடக்கிற இடம் அருந்ததியர் தெரு, என் மாமியார் வீட்டுத் திண்ணை. எங்க தெருவுல ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு ரெண்டா வைக்கலாமேன்னு பெரியவங்க கேட்டாங்க. டாக்டர் முடியாதுன்னுட்டாங்க. ஒரே இடம்தான். பி.பி. பார்க்கணும்னா அங்கதான் வரணும்.

இன்னொண்ணு. பந்தலுக்குப் பின்னாடி சாப்பாடு தயாரா இருக்கு. களியும் கறிக்குழம்பும், அதோட பிரியாணியும். சமைச்சது முழுக்க என் மாமியாரும் அவங்க தெருப் பெண்களும். அஞ்சு வருஷமா இந்த ஊர்ல ஒரு பந்தியில நாங்க எல்லோரும் ஒண்ணா உட்கார்ந்ததில்லை. எங்கம்மாவும் அந்த வீட்ல இதுவரைக்கும் கை நனைச்சதில்லை. பேத்தியை வளர்த்துச்சு, மருமகளுக்காக என்னைத் திட்டுச்சு, ஆனா அந்த வாசப்படி ஏறினதில்லை. இன்னைக்கு முதல் பந்தியில உட்கார்றேன்னு சொல்லியிருக்கு. பக்கத்துல ஒரு இலை காலியா விட்டிருக்கோம்.

பெரியப்பா, உங்களைத்தான். குழம்பு ஆறுது, எழுந்து வாங்க.